தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

பணி ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் இலக்கணச் சந்தேகம் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், செடிச் சந்தேகம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். பாலக்கரையில் எங்கள் தெருவில் மாடியில் நாலு தொட்டியாவது வைக்காத வீடு குறைவு. கேள்விகள் என்னவோ ஐந்தாறுதான். தினமும் தண்ணீர் ஊற்றலாமா? மண் தொட்டி நல்லதா, பை நல்லதா? வாங்கும்போது பூத்த ரோஜா இப்போது ஏன் பூக்க மாட்டேன் என்கிறது? செம்பருத்தியில் வெள்ளையாக மாவு மாதிரி அப்பியிருக்கிறதே, என்ன மருந்து? கத்தரி, தெளிப்பான் எல்லாம் எதை வாங்குவது?

பதில் சொல்லிச் சொல்லி ஒன்று கவனித்தேன். இந்தக் கேள்விகளில் பாதி நம் பாட்டிமார்களுக்கு இருந்ததே இல்லை. அவர்கள் செடி தரையில் நின்றது, நம் செடி தொட்டியில் நிற்கிறது. செடி தரையை விட்டுத் தொட்டிக்கு ஏறிய கதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். அந்தக் கதைக்கு நம் திருச்சியை விட நல்ல ஊர் கிடையாது. சொந்த ஊர்ப் பெருமை என்று நினைக்காதீர்கள்.

அக்கரையில் இருந்து தொடங்குவோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பது ஸ்ரீரங்கம். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், கொஞ்சம் தோண்டினால் ஊற்று. பூச்செடிக்கு இதைவிட என்ன வேண்டும்? 8, 9ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவராக வரலாற்றாளர்கள் கருதும் தொண்டரடிப்பொடி ஆழ்வார் இங்கே நந்தவனம் வைத்துத் துளசியும் பூவும் வளர்த்து அரங்கனுக்கு மாலை கட்டிக் கொடுத்தவர். மண்டங்குடியில் பிறந்த அவருக்கு முதலில் இருந்த பெயர் விப்ரநாராயணர். அவர் பாடிய 45 பாட்டுக்குப் பெயரே திருமாலை. தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் தோளில் பூக்கூடையோடு நிற்பவனாகத்தான் சொல்லிக்கொள்கிறார். கோயில்களில் அவர் சிலையைப் பாருங்கள், கையில் பூக்குடலை இருக்கும். மற்ற ஆழ்வார்களின் அடையாளத்தைத் தேட வேண்டும், இவரைத் தோட்டச் சாமானை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனம் என்ற சொல் அடிக்கடி வரும். தோட்டத்துக்கு இவ்வளவு நிலம், அதில் வேலை செய்கிறவர்களுக்கு இவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். தோட்ட வேலைக்குச் சம்பளம் எழுதி வைத்த நாடு நம்முடையது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இங்கே ஒரு கடப்பாரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் பாடம் சொல்லும்போது, திருமலைக்குப் போய்ப் பூந்தோட்டம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்ட யார் தயார் என்று கேட்டாராம். அங்கே அப்போது குளிர், காட்டு விலங்கு, வழி கிடையாது. எல்லோரும் தலை குனிந்திருக்க, அனந்தாழ்வான் எழுந்து நின்றார். நீரே ஆண்பிள்ளை என்று ராமானுஜர் பாராட்டியதால் அனந்தாண்பிள்ளை என்றும் பெயர் வந்தது. மலைக்குப் போனவர் முதலில் செய்தது ஏரி வெட்டும் வேலை. செடிக்கு முன்னால் தண்ணீர்! இன்றைக்கு நாம் நாற்று வாங்கி வந்த பிறகுதான் மாடியில் குழாய் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

அவர் வெட்ட, கர்ப்பிணியான மனைவி மண் சுமந்தார். ஒரு சிறுவன் வந்து அந்த அம்மாவின் கூடையை வாங்கிச் சுமக்க, தன் கைங்கரியத்தில் பங்கு கேட்கிறானே என்று கோபம் வந்து அனந்தாழ்வான் கடப்பாரையை வீசினாராம். அது பையனின் மோவாயில் பட்டது. கோயிலில் போய்ப் பார்த்தால் பெருமாளின் மோவாயில் ரத்தம். இன்றும் மூலவரின் மோவாயில் பச்சைக் கற்பூரம் வைப்பதற்குச் சொல்லப்படும் கதை இதுதான். அந்தக் கடப்பாரை என்று திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்தில் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாளும் வேலும் தொங்கும் வாசல்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். தோட்டச் சாமான் தொங்கும் வாசல் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அடுத்த முறை போகும்போது வரிசையில் நெரிசலுக்கு நடுவே தலையைத் தூக்கிப் பாருங்கள்.

அந்தக் காலத் தோட்டத்தின் சாமான் பட்டியல் இவ்வளவுதான்: கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொட்டு, அரிவாள், கூடை. தண்ணீர் இறைக்க ஏற்றம், பெரிய தோட்டமென்றால் மாடு கட்டிக் கவலை. கிணற்றில் இருந்து வாய்க்கால், வாய்க்காலில் இருந்து மடை, மடையில் இருந்து பாத்தி. பாத்தி நிறைந்ததும் மடையை மாற்றிவிட வேண்டியது. ஒரு செடிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் நந்தவனத்துக்காரர் சிரித்திருப்பார். தரையில் நிற்கும் செடிக்குத் தண்ணீர் கூடினால் மண் கீழே இழுத்துக்கொள்ளும், குறைந்தால் வேர் கீழே தேடிப் போகும். மண்ணும் வேரும் நடுவில் சமாதானம் பேசிக்கொள்ளும்.

இக்கரைக்கு வருவோம். எங்கள் பாலக்கரையின் பெயரிலேயே பாலமும் கரையும் இருக்கின்றன. கரை, உய்யக்கொண்டான் கரை. பேட்டைவாய்த்தலையில் காவிரியில் இருந்து பிரிந்து, உய்யக்கொண்டான் திருமலை, புத்தூர் வழியாக ஊருக்குள் நுழைந்து, நம் பகுதியைத் தொட்டு, அரியமங்கலம் பக்கமாக வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போகும் வாய்க்கால். நீளம் சுமார் 70 கி.மீ. முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்தது என்பார்கள், உய்யக்கொண்டான் அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறோம். வயலுக்கும் தோப்புக்கும் கிணற்று ஊற்றுக்கும் ஆயிரம் வருஷம் தண்ணீர் கொடுத்த வாய்க்கால் அது. அதில் சாக்கடையைத் திருப்பிவிட்டவர்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லை.

கிணற்றில் தண்ணீர் இருந்தவரை வீட்டுக்குக் கொல்லை இருந்தது. கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், அதை ஒட்டி வாழை, கல்வாழை, ஓரத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வேலியில் அவரைக்கொடி. பாத்திரம் கழுவின தண்ணீர் வாழைக்குப் போகும். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. குளித்த தண்ணீர் கல்வாழைக்கு. காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று யாரும் கேட்கவில்லை, வீட்டு வேலையே செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டது. அப்புறம் கம்பரசம்பேட்டையில் இருந்து காவிரி குழாயில் வந்தது. கிணறு மூடப்பட்டது. கழிவுநீர் குழாய்க்குள் போனது. அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் கொல்லை மேல் வீடு எழும்பியது. கடைசியில் செடி மாடிக்கு ஏறியது.

தொட்டி நமக்குப் புதிதில்லை, துளசி மாடம் இருந்ததே என்பீர்கள். உண்மைதான். ஆனால் வரிசையாகத் தொட்டி அடுக்கித் தோட்டம் என்று சொல்லும் வழக்கத்தைப் பரப்பியது வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள். திருச்சி பெரிய ராணுவ நிலையமாக இருந்த ஊர். பங்களா வாசலில் குரோட்டன்ஸ், காகிதப்பூ, பெரணி. சென்னையில் 1835இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கி வெளிநாட்டுச் செடிகளை இங்கே பழக்கினார்கள். காகிதப்பூ பிரேசில் செடி. நம் மாடியில் இருக்கும் தக்காளி, மிளகாய், கொய்யா, பப்பாளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்தவை, போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கிய வரவு. உயிருள்ள செடியைக் கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவருவது அப்போதெல்லாம் பெரும்பாடு. உப்புக் காற்றில் கருகிவிடும். நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் 1829இல் மூடிய கண்ணாடிப் புட்டியில் பெரணி தானாக முளைத்ததைப் பார்த்து, கண்ணாடிப் பெட்டி செய்து 1833இல் செடிகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிப் பார்த்தார். பிழைத்தன. மண்ணில் இருந்து எழும் ஈரம் கண்ணாடியில் பட்டு மறுபடி மண்ணுக்கே இறங்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

பூவாளியும் அந்தக் காலத்துச் சாமான். எவ்வளவு அழகான பெயர் வைத்தோம் பாருங்கள்! மொரிஷியசில் வனிலா வளர்த்த ஜான் ஹாஸ் என்ற ஆங்கிலேயர், பழைய வாளிகள் தூக்கவும் சாய்க்கவும் இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒன்றைத் திருத்திச் செய்து 1886இல் காப்புரிமை வாங்கினார். இன்று கடையில் பிளாஸ்டிக்கில் கிடைப்பவை அந்த மாதிரியின் பேரப்பிள்ளைகள்.

சரி, தண்ணீர்க் கேள்விக்கு வருவோம். தொட்டிக்குள் வேருக்குத் தேடிப் போக இடமில்லை. கூடினாலும் குறைந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு. சுட்ட மண் தொட்டி சுவர் வழியாகவே ஈரத்தை வெளியே விடும், பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். அதனால் அதில் சீக்கிரம் காயும், ஆனால் வேருக்குக் காற்று கிடைக்கும். பிளாஸ்டிக் தொட்டியும் பையும் ஈரத்தை விடாது. பக்கத்து வீட்டு மண் தொட்டிக்கு ஊற்றுகிற அளவை உங்கள் பைக்கு ஊற்றினால் வேர் அழுகும். வாடியிருக்கிறதே என்று இன்னும் ஊற்றுவீர்கள், இன்னும் வாடும். என்னிடம் வரும் செத்த செடிகளில் தாகத்தில் செத்ததை விட மூழ்கிச் செத்தது அதிகம். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். ஒட்டாவிட்டால் அடித்துளை வழியாக ஒழுகும் வரை ஊற்றுங்கள். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் மொட்டை மாடிச் செடிக்கு அப்போது இரண்டு வேளைகூட வேண்டியிருக்கும், ஐப்பசியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள், அது உப்பு. தரையில் மழை கழுவிவிடும். தொட்டியில் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி நாம்தான் கழுவ வேண்டும்.

பத்து நாள் ஊருக்குப் போகிறேன், செடிக்கு என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அதற்கு 2,000 வருஷம் பழைய பதில் இருக்கிறது. சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலில், மெருகிடாத மண் பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் பூசணி வகைக் கொடிகளை நடச் சொல்லியிருக்கிறார். மண் காயக் காயப் பானை கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். பெரிய தொட்டியில் ஒரு சின்னக் கலயத்தைப் புதைத்து மூடி போட்டு வையுங்கள். பத்து நாளுக்குப் போதாது, இரண்டு மூன்று நாள் தாங்கும். மீதிக்குப் பக்கத்து வீட்டு அம்மாவோடு சுமுகமாக இருங்கள்.

மண்ணும் எருவும். இன்று பைக்குள் நாம் நிரப்புவது பெரும்பாலும் தென்னை நார்க்கழிவு. முன்பெல்லாம் கயிறு திரிக்கும் ஊர்களில் மலைபோல் குவிந்து கிடந்த குப்பை அது, இன்று கட்டியாக அழுத்திக் கப்பலில் ஏற்றுகிறார்கள். தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதில் செடிக்குச் சாப்பாடு கிடையாது, உப்பும் இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் கலக்க வேண்டும். வெறும் நார்க்கழிவில் நட்டுவிட்டு இலை மஞ்சளாகிறதே என்றால், பட்டினி போட்டுவிட்டுப் பிள்ளை இளைத்துவிட்டான் என்பது மாதிரி.

எருவைப் பற்றி சுரபாலரின் விருட்சாயுர்வேதம் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நூல். அதன் ஓலைக்கோ ஏட்டுக்கோ நாம் இங்கே அலைய வேண்டாம், பிரதி ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தில் இருந்தது. 1996இல் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். மாமிசக் கழிவை ஊறவைத்து நொதிக்கவிட்ட குணபம் என்ற ஊட்டக் கரைசல் அதில் வருகிறது. 1905இல் இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட் விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்து, நம் குடியானவர்களிடமும் பூச்சிகளிடமும் பாடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து, இலை தழையையும் சாணத்தையும் அடுக்கிப் புரட்டி மட்கவைக்கும் இந்தூர் முறையை வகுத்தார். மூன்று வாளியில் மாடியில் நாம் செய்வது அதன் சுருக்கம்தான். காய்ந்த இலை ஒரு பங்குக்குக் குறையாமல் போடுங்கள், சமையலறைக் கழிவை மட்டும் கொட்டினால் நாறும். பஞ்சகவ்யத்தைப் பிரபலமாக்கியவரும் நம் காவிரிக்கரைக்காரர், கொடுமுடி டாக்டர் நடராஜன். லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் போதும். அப்படியே ஊற்றினால் செடி கருகும், மேல்மாடிக்காரர் சண்டைக்கும் வருவார்.

இப்போது மாவுப்பூச்சி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நாம் எல்லோரும் கண்ணால் பார்த்த வரலாறு. 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. இரண்டே வருஷத்தில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, நம் வீட்டுச் செம்பருத்தி, ஒன்றையும் விடவில்லை. சுவரெல்லாம் வெள்ளையாக ஊர்ந்தது நினைவிருக்கிறதா? மருந்தடித்தார்கள். அதன் உடம்பில் மெழுகுப் பூச்சு, மருந்து உள்ளே இறங்கவில்லை. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் செத்தன. சொந்த ஊரில் அதை அடக்கி வைக்கிற எதிரி இங்கே இல்லை என்பதுதான் பிரச்சினை. 2010இல் போர்ட்டோரிகோவில் இருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்து, பெங்களூரில் வளர்த்து, வேளாண் பல்கலைக்கழகம் மூலம் ஊர் ஊராக விட்டார்கள். கடுகை விடச் சிறிய குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும், குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களில் கூட்டம் அடங்கியது. கோடிக்கணக்கில் மருந்து செய்யாததை அந்த அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி செய்தது.

ஆகவே செம்பருத்தியில் நாலு வெள்ளைப் புள்ளி கண்டதும் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சி கக்கும் இனிப்புக்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்க்கும், குளவியை விரட்டும். எறும்பு ஏறும் வழியை அடையுங்கள். பூச்சியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தள்ளுங்கள், அடர்ந்த நுனியை வெட்டிப் போடுங்கள். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்பு, சாயங்காலத்தில்.

வேப்பெண்ணெய் என்றதும் ஒரு வழக்கு. வெட்டுக்கிளிக் கூட்டம் வேப்பிலையைத் தொடாது என்பதை வைத்து டெல்லியில் 1960களில் விஞ்ஞானி பிரதான் வேப்பங்கொட்டைக் கரைசலைச் சோதித்துக் காட்டினார். அப்படியிருக்க, வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறை தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் 1994இல் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடி, 2000இல் அது ரத்தானது, மேல்முறையீடு 2005இல் தள்ளுபடி. பத்து வருஷம் பிடித்தது, நம் வேம்பு நம்முடையது என்று நிரூபிக்க.

ரோஜாவுக்குச் சுருக்கமாக. கடை ரோஜா ஒட்டுக் கட்டியது. கீழே முரட்டு வேர்ச்செடி, மேலே பூச்செடி. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் கொழுத்த தளிரை விட்டுவைத்தால் அது மேல்செடியைத் தின்றுவிடும். அதைப் பிய்த்தெறியுங்கள், பூத்து முடிந்த கிளையைக் கவாத்து செய்யுங்கள். போலீஸ் அணிவகுப்புக்கும் கவாத்து, செடி வெட்டுவதற்கும் கவாத்து. இரண்டிலும் ஒழுங்குதான் வேலை என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கையடக்கக் கவாத்துக் கத்தரி பிரெஞ்சுக்காரர் ஒருவர் 1815 வாக்கில் செய்தது. சாமான்களில் அது ஒன்றுக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யலாம், மொண்ணைக் கத்தரி கிளையை நசுக்கி அழுக வைக்கும். மற்றபடி ஒரு களைக்கொட்டு, ஒரு பூவாளி, ஒரு லிட்டர் கைத்தெளிப்பான். இருபது சாமான் கொண்ட பெட்டி விளம்பரம் வருகிறது, அதில் பாதி அலமாரிக்குத்தான்.

கடைசியாக ஒன்று. 1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு வந்த ஆதாரக் கல்வியில் தோட்ட வேலை ஒரு பாடம். நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது அதன் மிச்சமாக வாரம் ஒரு தோட்டப் பாடவேளை இருந்தது. பிள்ளைக்கு ஒரு பாத்தி. வெண்டை முளைத்ததும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். கணக்கு வராத பையன்கள் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். இப்போது பல பள்ளிகளில் அந்த இடத்தில் வாகன நிறுத்தம்.

எழுபது, எண்பது தாண்டிய பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பாலக்கரை, வரகனேரி, உறையூர் பக்கம் உங்கள் சின்ன வயதில் ஏற்றம் ஓடியதைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தத் தெருவில், யார் தோட்டத்தில்? கீழே எழுதுங்கள். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். தொகுத்து வைக்க ஆசை.